அடியில் சிக்கினால் மேலே பாருங்கள்: எங்கள் தையல் கூட்டத்தின் பழுதுக் குறிப்பு

பாபநாசத்தில் எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சனிக்கிழமை 3 மணிக்குப் பாய் விரித்துவிடுவோம். ஏழெட்டுப் பேர் வருவார்கள். நவராத்திரி நெருங்கினால் கூட்டம் இரட்டிப்பாகும். ஒருவர் பேரனுக்குப் பழைய வேட்டியில் ஒட்டுப்போர்வை கொண்டுவருவார், ஒருவர் தை மாதக் கல்யாணத்துக்கு ஆரி வேலை (கொக்கி ஊசியால் போடுகிற சங்கிலிப் பூவேலை) ரவிக்கை, இன்னொருவர் கொலு பொம்மைக்குப் பாவாடை. நடுவில் வைத்து எல்லோரும் தொட்டுப் பார்ப்போம். முதல் கால் மணி நேரம் பாராட்டு. அப்புறம் மெல்ல ஒரு குரல் வரும்: "எல்லாம் சரிதான்க்கா, இங்க மட்டும் ஏன் இப்படி ஆச்சு?"

அந்தக் கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். இத்தனை வருஷத்தில் ஒன்றைப் பார்த்துவிட்டேன். தையலில் கோளாறு தெரிகிற இடம் ஒன்று, அது பிறந்த இடம் வேறு. கண்ணுக்குத் தெரிகிற இடத்தையே நோண்டிக்கொண்டிருப்பதால்தான் பாதி மிஷின்கள் கெடுகின்றன. அதனால் என்ன தெரிகிறதோ அதைத் தலைப்பாகப் போட்டிருக்கிறேன். எங்கே பார்க்க வேண்டும் என்பது கீழே.

மிஷின் என்று சொல்வதெல்லாம் கறுப்புக் கால் மிஷினை வைத்துத்தான். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேருடையது அரசு கொடுத்த இலவச மிஷின், மற்றவை அம்மா வீட்டுச் சீர். மோட்டார் போட்டவர்களுக்கும் இது பொருந்தும்.

துணிக்கு அடியில் நூல் இடியாப்பமாகச் சுருண்டிருக்கிறது

மேலே தையல் ஒழுங்காகத் தெரியும். துணியைத் திருப்பினால் அடியில் நூல் கொத்துக் கொத்தாகக் கிடக்கும். அடியில்தானே சிக்கியிருக்கிறது, அப்படியானால் அடிநூல் சுற்றியிருக்கிற பாபின்தான் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. அநேகமாக எப்போதும் மேல்நூல்தான் காரணம்.

போன வருஷம் கல்லூரியில் படிக்கிற ஒரு பெண் பாபின் உட்காருகிற கூட்டை, அதாவது பாபின் கேஸை, கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இது போச்சு போலிருக்கு, புதுசு வாங்கணுமா?" என்றாள். அதன் பக்கவாட்டில் இருக்கும் சின்னத் திருகை முதல்நாள் முழுக்கத் திருகியிருக்கிறாள். இறுக்கிப் பார்த்தாள், தளர்த்திப் பார்த்தாள், கடைசியில் திருகே கழன்று விழுந்தது. எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது அது. முற்றத்துக் கல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டதாம், காந்தத்தை நூலில் கட்டி எடுத்திருக்கிறார்கள். நான் கேட்டது ஒன்றுதான். "நூல் கோர்க்கும்போது பாதம் மேலே இருந்துச்சா, கீழே இருந்துச்சா?" அவளுக்கு நினைவில்லை.

விஷயம் இதுதான். மேல்நூல் இரண்டு தகடுகளுக்கு நடுவே போகிறது, அதுதான் டென்ஷன். துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்கினால் அந்தத் தகடுகள் விலகும், இறக்கினால் நெருங்கிப் பிடிக்கும். பாதம் கீழே இருக்கும்போது கோர்த்தால் நூல் தகடுகளுக்குள் நுழையாமல் மேலாகவே கிடந்துவிடும். பிடிப்பு இல்லாத நூல் தாராளமாக இறங்கும். அவ்வளவும் அடியில்தான் சேரும்.

செய்ய வேண்டியது: மேல்நூலை முழுவதும் உருவிவிடுங்கள். பாதத்தைத் தூக்கி, முதலிலிருந்து கோருங்கள். மிஷினில் நூலை மேலும் கீழும் இழுக்கிற கை இருக்கிறதே, அதன் ஓட்டையை விட்டுவிடாதீர்கள், அதை விட்டாலும் இதே இடியாப்பம்தான். இப்போது பாதத்தை இறக்கி, ஊசிக்கு அருகே நூலை இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் எதிர்க்க வேண்டும். தைக்கத் தொடங்கும்போது மேல்நூல், அடிநூல் இரண்டின் நுனியையும் நாலு விரல்கடை நீளம் பின்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு முதல் மூன்று தையலைப் போடுங்கள். பாதத்தை இறக்காமலே தைத்து இடியாப்பம் பிழிந்தவர்களும் உண்டு. நானும் அதில் சேர்த்தி.

இதற்கும் அடங்கவில்லை என்றால்தான் டென்ஷனைத் தொட வேண்டும். அதற்கும் கண்மூடித்தனமாகத் திருக வேண்டாம். மேலே சிவப்பு நூல், பாபினில் வெள்ளை நூல் போட்டு ஒரு துண்டுத் துணியில் தையுங்கள். அடிப்பக்கம் சிவப்புப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்ச்சி. மேல்பக்கம் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் மேல் டென்ஷன் இறுக்கம். இரண்டும் துணியின் வயிற்றுக்குள் கோர்த்துக்கொண்டு வெளியே தெரியாமல் இருப்பதுதான் சரி. பாபின் கேஸைச் சோதிக்க, அதன் நூலைப் பிடித்துத் தொங்கவிடுங்கள். சும்மா தொங்கும்போது அப்படியே நிற்க வேண்டும், கையைச் சின்னதாக உதறினால் கொஞ்சம் இறங்க வேண்டும். சரசரவென்று தரைக்குப் போனால் தளர்ச்சி, அசையவே இல்லை என்றால் இறுக்கம். அப்போது மட்டும் அந்தத் திருகைக் கால் சுற்று திருப்புங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதையும் ஒரு தட்டின் மேல் வைத்துச் செய்யுங்கள்.

மேல்நூல் அறுந்துகொண்டே இருக்கிறது

முதலில் ஊசியைக் கழற்றுங்கள். அதன் தட்டைப் பக்கத்தைக் கண்ணாடியின் மேல் படுக்க வைத்துப் பாருங்கள். ஊசிக்கும் கண்ணாடிக்கும் நடுவே இருக்கிற சந்து கடைசிவரை ஒரே அளவாக இருந்தால் ஊசி நேராக இருக்கிறது. பிறகு நுனியை நகத்தின் மேல் மெல்ல இழுங்கள். கீறல் விழுந்தால் நுனி மடங்கியிருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாம். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்பது பொதுவான கணக்கு. நம்மில் யாரும் அப்படி மாற்றுவதில்லை, உடைகிற வரை ஓட்டுவோம். ரவிக்கைத் துணி ஒன்று பாழாவதைவிட ஊசி மலிவு.

ஊசி போடும் விதத்திலும் பிசகு வரும். ஊசியின் ஒரு பக்கத்தில் மேலிருந்து கண் வரை நீளமாக ஒரு பள்ளம் ஓடும். எந்தப் பக்கம் அந்தப் பள்ளம் இருக்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் நூலைக் கோர்க்க வேண்டும். ஊசி இறங்கும்போது நூல் ஒதுங்கிக்கொள்ளத்தான் அந்தப் பள்ளம். மாற்றிக் கோர்த்தால் நூல் துணியில் உரசி அறும்.

ஊசி சரி என்றால் அடுத்தது நூல். ஒரு சாண் நூலை இரண்டு கையிலும் பிடித்து வெடுக்கென்று இழுங்கள். விரலை வெட்டுகிற மாதிரி எதிர்த்து நின்றால் நல்ல நூல். சொன்னபடி கேட்டு அறுந்துவிட்டால் அது மட்கிய நூல். டவுனில் ஒரு கடையில் பெட்டி நூல் சல்லிசாகக் கிடைக்கிறதே என்று வாங்கி ஒரு மாதம் மிஷினைத் திட்டினேன். எந்த வருஷத்து நூலோ! பச்சை நிறம் மட்டும் நன்றாக இருந்தது. இன்றும் அதைப் பொட்டலம் கட்டத்தான் பயன்படுத்துகிறோம்.

தையல் விட்டுவிட்டு விழுகிறது

மிஷின் ஊசிக்குக் கண் நுனியில் இருக்கிறது, கை ஊசிக்குத் தலையில். 1846-ல் ஈலியாஸ் ஹோவ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிய பூட்டுத் தையல் மிஷினிலும் கண் நுனிப் பக்கம்தான். ஊசி துணிக்குள் இறங்கி, திரும்பி மேலேறத் தொடங்கும் நொடியில் நூல் ஒரு சின்ன வளையமாகப் பிதுங்கும். அடியில் பாபின் கேஸைச் சுமந்து ஆடுகிற ஷட்டிலின் மூக்கு அந்த வளையத்தைக் கொத்திக்கொண்டு போக வேண்டும். வளையம் உருவாகவில்லை என்றாலோ தள்ளி உருவானாலோ ஒரு தையல் விட்டுப்போகும்.

வளையத்தைக் கெடுப்பது மூன்று. ஊசி முழுவதும் மேலே ஏறாமல் திருகை இறுக்கியிருப்பது ஒன்று. துணிக்குப் பொருந்தாத ஊசி இன்னொன்று: மெல்லிய பட்டு, வாயில் துணிக்கு 11-ஆம் நம்பர், சாதாரணப் பருத்திக்கு 14, கனத்த பை தைக்க 16. மூன்றாவது நம் பக்கத்தில் அதிகம், கஞ்சி. கைத்தறியில் பாவுக்கு, அதாவது நெடுக்கு நூலுக்கு, கஞ்சி போடுவது நெசவின் ஒரு பகுதி. புதுத் துணி மொடமொடவென்று இருக்கும், ஊசி இறங்கும்போது 'டொக் டொக்' என்று சத்தம் கேட்கும். ஒருமுறை தண்ணீரில் அலசிக் காயவைத்துத் தைத்தால் சத்தமும் போகும், விடுதலும் போகும். ஆடித் தள்ளுபடியில் வாங்கிய சிந்தெடிக் துணி என்றால் புது ஊசி ஒன்றைப் போட்டுவிட்டு மறுபேச்சுப் பேசுங்கள்.

சக்கரம் சுற்றுகிறது, ஊசி அசையவில்லை

பாபின் சுற்றியிருப்பீர்கள். சுற்றுவதற்காகச் சக்கரத்தின் நடுவில் இருக்கும் திருகைத் தளர்த்தியதை மறந்திருப்பீர்கள். இறுக்குங்கள். அவ்வளவுதான். இதற்காக மிஷின் தலையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனவர் இங்கே எழுதிக்கொண்டிருக்கிறார்.

மிதிக்கக் கனமாக இருக்கிறது

"எண்ணெய் போட்டீங்களா?" என்றால், "போட்டேனே" என்பார்கள். "என்ன எண்ணெய்?" அங்கேதான் விஷயம் இருக்கிறது. தேங்காயெண்ணெய். போட்ட அன்றைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும். தேங்காயெண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே போனால் உறையும். மார்கழிக் காலையில் குளியலறைப் புட்டியில் வெள்ளையாக நிற்கிறதே, மிஷினின் மூட்டுகளுக்குள்ளும் அதுதான் நடக்கிறது. உறையாத நாளிலும் பஞ்சுத் தூசியோடு சேர்ந்து பிசினாகிவிடும். மிஷின் எண்ணெய் ஒரு சின்னப் புட்டி வாங்கினால் வருஷக்கணக்கில் வரும்.

பிசின் பிடித்துவிட்டால்: ஊசித் தட்டைக் கழற்றி, துணியை நகர்த்துகிற பல்லுக்கு நடுவே அடைத்திருக்கும் பஞ்சைப் பழைய பல்துலக்கும் பிரஷால் எடுங்கள். ஷட்டில் இருக்கும் இடத்தையும் சுத்தம் செய்யுங்கள். எண்ணெய் ஓட்டைகளில் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாமல் ஐந்து நிமிஷம் மிதித்து, துடைத்துவிட்டு, பிறகு மிஷின் எண்ணெய் ஓட்டைக்கு ஒரு சொட்டு. பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது. நூல் கோர்ப்பதற்கு முன் கழிவுத் துணியில் பத்துத் தையல் ஓட்டுங்கள், இல்லாவிட்டால் ரவிக்கையில் கறை.

கனக்காமல் வழுக்கினால், அதாவது கால் மிதிக்கிறது, மேல்சக்கரம் நின்று நின்று போகிறது என்றால், தோல் பெல்ட் தளர்ந்திருக்கிறது. ஐப்பசி மழையில் இது சகஜம். கம்பிக் கொக்கியைக் கழற்றி, அரை அங்குலம் வெட்டி, மறுபடி மாட்டுங்கள். ஒரேயடியாக நிறைய வெட்டிவிட்டு ஒட்டப் பார்க்காதீர்கள்.

துவைத்ததும் புடவையின் கீழ்க்கரை அலை அலையாக நிற்கிறது

இது நான் செய்த பாவம். நாத்தனாருடைய கூறைப்புடவை, மாயூரத்துக் கூறைநாட்டில் நெய்த அசல் கட்டம் போட்டது, பட்டும் பருத்தியும் கலந்தது. கட்டாமல் பெட்டியிலேயே இருந்ததை எடுத்து, ஃபால்ஸ் வைத்துத் தரச் சொன்னார். அன்றைக்கே வேண்டும் என்றார். கடையிலிருந்து வாங்கிவந்த பருத்தி ஃபால்ஸைப் பிரித்து அப்படியே வைத்துத் தைத்தேன். கொடுக்கும்போது கண்ணாடி மாதிரி இருந்தது. முதல் நனைப்பில் ஃபால்ஸ் சுருங்கியது, புடவை சுருங்கவில்லை. கொசுவம் வைத்தால் கீழே அப்பள ஓரம். நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டம்.

புடவையைப் பிழிந்தும் இஸ்திரி போட்டும் இதைச் சரிசெய்ய முடியாது. ஃபால்ஸை முழுவதும் பிரித்து எடுங்கள். அதைத் தனியாக ஒரு இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் காயவைத்து, தேய்த்து, மறுபடி வையுங்கள். நீளம் குறைந்திருந்தால் புது ஃபால்ஸ்தான். ஊறவைக்கும்போதே சாயம் போகிறதா என்றும் தெரிந்துவிடும். கையால் எம்மிங் போடும்போது நூலைச் சுண்டி இழுக்காதீர்கள். ஒரு சாணுக்கு ஒருமுறை துணியை நீவிவிட்டு நூலுக்குக் கொஞ்சம் இளக்கம் கொடுங்கள். ரவிக்கை லைனிங்குக்கும் இதே சட்டம், நனைக்காத லைனிங் முதல் துவைப்பில் மேல்துணியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

திருபுவனம் பட்டு போன்றதற்கு ஒரு எச்சரிக்கை. ஊசி குத்திய ஓட்டை அதில் மறையாது. பின் குத்துவதென்றால் தையலுக்குள் போகும் ஓரத்தில் மட்டும் குத்துங்கள்.

ஒட்டுப்போர்வையில் முனைகள் சேரவில்லை

நாலு சதுரம் சேரும் இடத்தில் ஒன்று ஏறி ஒன்று இறங்கி நிற்கும். கடைசி வரிசையை இழுத்துப் பிடித்துச் சேர்க்கப் பார்ப்பார்கள், போர்வை நடுவில் தொப்பை போடும். பிழை கடைசி வரிசையில் இல்லை, முதல் தையலிலிருந்தே சேர்ந்து வந்திருக்கிறது. எட்டுச் சதுரம் சேர்த்தால் ஏழு தையல். கால் அங்குலம் பிடிக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு பக்கமும் அரை நூல் (ஆசாரி அளக்கிற நூல், தைக்கிற நூல் இல்லை) கூடப் போனாலும், தையலுக்கு ஒரு நூல். ஏழு தையலுக்கு ஏழு நூல். எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது ஆசாரியைக் கேட்டால் சொல்வார். கிட்டத்தட்ட ஓர் அங்குலம் காணாமல் போயிருக்கிறது! ஊசியிலிருந்து கால் அங்குலம் தள்ளி ஊசித் தட்டின் மேல் ஒரு துண்டு டேப்பை ஒட்டிவிட்டு, துணியோரம் அதை உரசிக்கொண்டு போகும்படி தையுங்கள்.

தேரில் உருளையாகத் தொங்குகிற துணித் தோம்பையைப் பார்த்து, அதே சிவப்பு மஞ்சள் பச்சையில் ஒரு மாமி வாசல் தோரணம் செய்துவந்தார். ஒட்டிய யாளி மட்டும் சுருங்கி நின்றது. நெருக்கித் தைத்ததால் என்று நினைத்தார். அது இல்லை. அடித்துணியில் பாவு மேலும் கீழுமாக ஓடுகிறது, யாளியைத் துணி மிச்சம் பிடிக்கக் குறுக்கே சாய்த்து வெட்டியிருக்கிறார். சாய்த்து வெட்டிய துணி இழுபடும், அடித்துணி இழுபடாது. ஒட்டும் துண்டின் பாவும் அடித்துணியின் பாவும் ஒரே திசையில் இருக்கும்படி வெட்டுங்கள்.

கைப்பூவேலை: முடிச்சு, வளையத் தடம், ஒழுகிய சாயம்

நூல் முடிச்சு விழுந்துகொண்டே இருந்தால் நூல் நீளம் அதிகம். ஒரு முழம் போதும், பூக்காரம்மா அளக்கிற அதே முழம். நூல் முறுக்கேறிவிட்டால் ஊசியைத் தொங்கவிடுங்கள், தானே சுழன்று பிரிந்துகொள்ளும். ஆறு இழையையும் அப்படியே கோர்க்காமல், ஒவ்வோர் இழையாக உருவி மறுபடி இரண்டாகவோ மூன்றாகவோ சேர்த்துக் கோர்த்தால் நிறைப்புத் தையல் மழமழவென்று படியும்.

பூவேலைக்குத் துணியை விறைப்பாகப் பிடிக்கிற வளையத்தின் தடம் போகவில்லை என்றால், இரவில் வளையத்தோடு விட்டுவிட்டுத் தூங்கியிருக்கிறீர்கள். உள்வளையத்தைச் சுற்றிக் கிழிந்த வேட்டி நாடாவைச் சுற்றிவையுங்கள், வேலை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

சிவப்பு நூல் வெள்ளைத் துணியில் ஒழுகிவிட்டதா? காயவிடாதீர்கள், இஸ்திரிப் பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். சூடு பட்டால் சாயம் ஊன்றிக்கொள்ளும். பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளிகிற வரை, பத்துத் தடவையானாலும் மாற்றி மாற்றி அலசுங்கள். அடுத்த முறை நூலை ஈரப்படுத்தி வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆரி: ஊசி துணியைப் பிடித்துக்கொள்கிறது, சங்கிலி உருவிக்கொள்கிறது

ஊசி மேலே வரும்போது கொக்கி துணியில் மாட்டினால் ஊசியைக் குறை சொல்வோம். முதலில் ஸ்டாண்டில் துணியைச் சுண்டிப் பாருங்கள். தவில் மாதிரி 'டப்' என்று கேட்க வேண்டும். தொளதொள துணியில் எந்த ஊசியும் மாட்டும். துணி விறைப்பாக இருந்தும் மாட்டினால், கையைக் கவனியுங்கள். கீழே நூலைச் சுற்றியதும் ஊசியை அரைச்சுற்றுத் திருப்பி, கொக்கியின் முதுகால் துணியை லேசாகத் தள்ளிக்கொண்டே மேலே வர வேண்டும். முதுகு துளையை அகட்டிக் கொடுக்கும், கொக்கி நடுவழியே தொடாமல் வந்துவிடும். நேராகப் பிடுங்கினால் மாட்டத்தான் செய்யும்.

சங்கிலி முழுவதும் ஒரே இழுப்பில் உருவிக்கொண்டு வந்தால், முடித்த இடத்தில் பூட்டவில்லை. சங்கிலித் தையல் முடித்த முனையிலிருந்துதான் அவிழும். கடைசி வளையத்துக்கு வெளியே, அதை ஒட்டி, ஒரு பொடித் தையலைப் போட்டு வளையத்தை மடக்கி, நூலை அடியில் இழுத்து முடிச்சிடுங்கள். பின்பக்கம் பசையைத் தடவிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை, துணி வெடவெடத்துப்போய் வியர்வையில் உறுத்தும்.

குரோஷா வட்டம் கிண்ணமாகிறது, அல்லது அப்பளமாகிறது

ஓரம் மேலே தூக்கிக் கிண்ணமானால் கண்ணியைக் கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டவில்லை. நெளிந்தால் அதிகம் கூட்டிவிட்டீர்கள். சிங்கிள் குரோஷா என்றால் வரிசைக்கு 6 கண்ணி கூடும்: 6, 12, 18, 24. டபுள் குரோஷா என்றால் 12 கூடும். வரிசை முடிந்ததும் எண்ணுங்கள், பேச்சுக் கூடிய சனிக்கிழமைகளில் இரண்டு முறை எண்ணுங்கள். பிழை தெரிவது ஐந்தாம் வரிசையில், விழுந்தது மூன்றாவதில். அதுவரை பிரிக்காமல் சரியாகாது.

மெக்கானிக்கிடம் போவதற்கு முன்

ஷட்டிலின் மூக்கு தேய்ந்திருந்தாலோ ஊசிக்கும் ஷட்டிலுக்கும் நேரம் தப்பியிருந்தாலோ வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது. அப்போது தலையை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கெட்ட தையல் விழுந்த துணியைப் பிரிக்காமல், அறுக்காமல், அப்படியே எடுத்துப் போங்கள். அப்போது போட்டிருந்த ஊசி, அந்த நூல்கண்டு, பாபின் கேஸ் எல்லாம் ஒரு பையில். "அங்க தச்சா நல்லா வருது, வீட்ல வந்தா வரல" என்ற புகாரில் முக்கால்வாசி, அவர் தன் ஊசியையும் தன் நூலையும் போட்டுத் தைத்துக் காட்டியதால் வருவதுதான்.